படிகாரம் பூசிய முகம்

அன்று எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலில் யார் யார் இருந்தார்கள் என்பதை இன்றைக்கும் தப்பாமல் சொல்லிவிடுவேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா, அவருடைய மச்சினர், கல்யாணம் பேசிவந்த கருங்கல் ஊர்த் தரகர், அவர்கள் ஊர்க்காரர் நாலுபேர். விளம்ப, அதாவது பரிமாற, நின்றவர்கள் என் அப்பா, பெரியப்பா மகன் சங்கரன், சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை, அப்புறம் நான். கதவுக்குப் பின்னால் அம்மாவும், யாருக்காக அன்று நிச்சயம் நடந்ததோ அந்த நீலம்மை அக்காவும் நின்றார்கள். பொரித்த பப்படமும் பந்தலின் பச்சை ஓலையும் சேர்ந்து மணத்த மணத்தை இப்போது நினைத்தாலும் என் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிடுகிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்க்காரர்களோடு இருந்த காலம். தமிழ்நாட்டோடு சேர இரண்டு வருஷம் இருந்தது. ஓடினால் எல்லாருக்கும் வேர்க்கும், எனக்கு உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும், அதுவும் முகத்தில் மட்டும். கையும் மார்பும் உலர்ந்து கிடக்க, தலைமுடிக்குள்ளிருந்து கிளம்பி நெற்றி, மூக்கு, தாடை என்று சொட்டிக்கொண்டே இருக்கும். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டாலே போதும். பள்ளிக்கூடத்தில் எனக்கு “ஊத்து” என்று பெயர். சிலேட்டை அழிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் என் தலைக்குக் கீழே நீட்டுவார்கள். “ஏலே ஊத்து, கொஞ்சம் குனியேம்லே.” நானும் சிரித்துக்கொண்டு குனிவேன்; குனியாவிட்டால் இன்னும் வேர்க்கும் என்ற பயம்.

அம்மா வெட்டிவேர் ஊறின தண்ணீரில் முகம் கழுவிவிட்டாள், சந்தனம் அரைத்துப் பூசினாள், கோயில் திருநீற்றை அள்ளி அப்பினாள். அது வேர்வையில் கரைந்து கஞ்சியாக வழிந்தது. தோளில் எப்போதும் ஒரு “துவர்த்து” கிடக்கும். அதைப் பிழிந்து காயப்போடுவதே அம்மாவுக்குத் தினம் ஒரு வேலை.

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் பரவாயில்லை. அந்த நாளில் காசநோய்க்காரர்களுக்குத்தான் சும்மா இருக்கும்போதே வேர்க்கும் என்று ஊரில் பேச்சு. ஒரு வீட்டில் “தீனம்” இருக்கிறது என்று பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள். அக்காவுக்கு ஏற்கனவே இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. ஏன் தட்டிப்போனது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் தட்டிப்போன அன்றெல்லாம் அம்மா என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

நிச்சயத்துக்கு என்னை ஒளித்துவைக்கவும் வழியில்லை. பெண்ணின் தம்பி பந்தியில் நின்று விளம்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அப்பா காலையிலேயே என்னை நாவிதரிடம் கூட்டிப்போனார். சவரத்துக்குப் பிறகு தடவுகிற படிகாரக் கல்லை அவர் ஈரமுகத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்ந்தும் ஒரு சொட்டு இல்லை. ஆயுசில் முதல்முறையாக உலர்ந்த முகத்தோடு நடந்தேன் என்று சொல்ல வேண்டும்.

பருப்பும் நெய்யும் போய், சாம்பார் போய், பாயசம் வரைக்கும் தாங்கியது. பாயச வாளியின் ஆவி முகத்தில் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஊற்றிவிட்டு மச்சினர் இலைக்குக் குனிந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், கட்டியிருந்ததெல்லாம் உடைந்ததுபோல் வந்தது. படிகாரம் கரைந்து கண்ணில் இறங்க எரிச்சலில் கண்ணை மூடினேன். மூடின நேரத்தில்தான் அவர் இலையில் சொட்டியிருக்கிறது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். “இது ஆரு பயலாக்கும்? என்ன தீனம் இவனுக்கு?” என்றார்.

 அப்பாவின் குரல் கேட்டது, சாதாரணமாக.

“நம்ம பய இல்ல, கேட்டேளா. தவசிப்பிள்ளைகூட வந்தவன். நம்ம மவன் கொலசேகரத்தில அவன் மாமன் வீட்டுல நின்னு படிக்கான்.”

தரகர் என்னை எத்தனையோ தடவை பார்த்தவர். அவர் அவியலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தவசிப்பிள்ளைதான் என் கையிலிருந்து வாளியை வாங்கி, “ஏலே, நீ ஆக்குப்புரைக்குப் போ” என்றார், நிஜமாகவே அவருடன் வந்தவனிடம் சொல்வதுபோல. மச்சினருக்கு வேறு இலை போட்டார்கள். நிச்சயம் நடந்தது.

அப்பா செய்தது தப்பென்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணம் முடியும்வரை நான் யார் கண்ணிலும் படக்கூடாது என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தவசிப்பிள்ளையோடு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பிப் போகவே இல்லை. சமையல் கொட்டகையை எங்கள் பக்கத்தில் “ஆக்குப்புரை” என்போம். அங்கே அடுப்பு வெக்கையில் எல்லார் முகமும் ஒழுகும். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி.

கல்யாணத்தன்று எனக்குப் பதிலாக மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது சங்கரன். எனக்குப் பரீட்சையாம். நான் பின்னால் எரிசேரிக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். புறப்படுகிற நேரம் அக்கா ஆக்குப்புரை வாசலுக்கு வந்தாள். கூட மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர். அவள் என்னை நேராகப் பார்த்து, “ஏலே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடு” என்றாள், வேலைக்கு வந்தவனிடம் கேட்பதுபோல. கொடுத்தேன். குடித்தாள். செம்பைத் திருப்பித் தந்துவிட்டு அவர்களோடு போனாள்.

பிறகு அவள் பிறந்த வீட்டுக்கு வரும் நாட்களிலெல்லாம் எனக்கு எங்காவது சமையல் இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்தது என்று போனேன். நான் யார் என்று அத்தானுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷம் நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினேன். முகத்து வேர்வைச் சுரப்பிகளை நரம்பு ஓயாமல் தூண்டுகிறது, அவ்வளவுதான், தொற்றுவதில்லை, கவலைப்பட்டால் கூடும் என்றார். கண்ணில் படாமல் பூசச் சொல்லி ஒரு மருந்து எழுதினார். படிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய இதே வகைதான், ஆனால் ராத்திரி, முகத்தை நன்றாக உலர்த்திவிட்டுப் பூச வேண்டும், காலையில் ஈரத்தில் பூசினால் நிற்காது என்று சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. முந்தின நாள் ராத்திரி பூசியிருந்தால் என்ற ஒரே கணக்கைத்தான் அன்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கல்யாணமெல்லாம் மண்டபத்தில், மின்விசிறிக்குக் கீழே. விளம்ப வருபவர்கள் சீருடை போட்ட வெளியூர்க்காரர்கள், யார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. “தீனம்” என்ற சொல்லையே பேரப்பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

போன மாதம் அத்தான் இறந்துபோனார். பிறந்த வீட்டுக் கோடி போடுவது தம்பியின் கடமை. வெள்ளைச் சேலை வாங்கிக்கொண்டு அவர்கள் தெருமுனை வரை போனேன். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் முகம் தொடங்கிவிட்டது. உள்ளே போன ஒருவர் கையில் சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ராத்திரி அக்கா போனில் கூப்பிட்டாள்.  “வேர்த்தா வேர்த்துட்டுப் போட்டும். வந்து நின்னிருக்கப்பிடாதா மக்கா?” என்றாள்.