மூன்றாவது பூச்சி

நுவரெலியாவுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து ஆற்றின் நடுவே, பாறையோரம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். காலையெல்லாம் துள்ளிய ட்ரவுட் மீன்களில் ஒன்றுகூட இப்போது மேலே வரவில்லை. குற்றம் தூண்டிலில்தான் என்று, இறகால் கட்டிய மூன்றாவது பொய்ப்பூச்சியை மாட்டுகிறேன்.

கரையில் கொழுந்துக் கூடையோடு போகும் பெண் நின்று கத்துகிறாள்.

"ஐயா, மேல ஏறுங்க! மலையில மழை கொட்டுது!"

"இங்க வெயில்தானேம்மா அடிக்குது?"

"தண்ணி கலங்குது பாருங்க! மீனெல்லாம் அப்பவே ஒதுங்கிருச்சு. நீங்க மட்டுந்தான் நிக்கிறீங்க!"

குனிகிறேன். என் பாதங்கள் தெரியவில்லை. காலடி மணல் நழுவுகிறது. தோட்டத்துத் துரை இரவல் தந்த தூண்டில் கோலை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறிக் கரையேறுகிறேன்.

திரும்பிப் பார்த்தால், பாறையைக் காணோம்.