புதன் சந்தையில் பூங்கோதையின் உள்ளாடைக் கடை

பூங்கோதையின் மாமியார் சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. முந்தானையை இழுத்து மார்பை மூடி, இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு விழுப்புரம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் களையெடுத்தவள். வீட்டுக்கு வந்த மருமகள் ஜாக்கெட்டுக்குள் ‘பாடி’ போட்டிருப்பதைப் பார்த்து, “சட்டைக்குள்ள எதுக்குடி இன்னொரு சட்ட? வேர்க்காதா?” என்று கேட்டாள். கேலியில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அந்தப் பாடி, ஊர்த் தையல்காரர் வெள்ளைத் துணியில் தைத்துக் கொடுத்தது. அளவெடுக்க அவருக்கும் கூச்சம், கொடுக்க இவளுக்கும் கூச்சம். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்ப, அதை வைத்துக் குத்துமதிப்பாக வெட்டி, பொத்தான் வைத்துத் தந்துவிட்டார்.

டெல்லிக்கு வந்தபின் உடம்பின் மேல் துணி கூடிக்கொண்டே போயிற்று. மார்கழியில் ஜாக்கெட்டுக்கு மேல் கம்பளி ஜாக்கெட், பாவாடைக்கு உள்ளே கணவனின் தெர்மல் பேன்ட், மெட்டிக்கு மேல் சாக்ஸ். கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்த காலத்தில் பழைய சேலை கிடைத்தது, ஸ்வெட்டர் கிடைத்தது. உள்ளாடையை மட்டும் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. அதை வாங்கப் புதன்கிழமைகளில் கூடும் வாரச் சந்தைக்குப் போனாள். கடைக்காரன் அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னால் நின்ற கூட்டாளியிடம் “சத்தீஸ்!” என்று கூவினான். இந்தியில் முப்பத்தாறு. அவள் அளவு சந்தைக்கே தெரிந்துபோனது. கையில் திணித்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். அது சேரவில்லை. மாற்றித் தரக் கேட்கவும் போகவில்லை. வருஷக்கணக்கில் சேராததையே போட்டுக்கொண்டு திரிந்ததில் இரண்டு தோளிலும் பட்டையின் தடம் பதிந்துவிட்டது.

பிறகு முட்டி தேய்ந்தது. தரை துடைக்கக் குந்தினால் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடி செய்கிற பிழைப்பு ஒன்று வேண்டும் என்று யோசித்தபோதுதான் அந்தக் கூவல் ஞாபகம் வந்தது. ஒரு பெண் உட்கார்ந்து விற்றால் எப்படி இருக்கும்?

கணவன் பச்சைமுத்து, கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன், தலையில் அடித்துக்கொண்டான்.

“வளையல் வியேன். பொட்டு வியேன். ஊர்ல இல்லாத வியாபாரமா பாத்துப் புடிக்கிறியே!”

“வளையல் இல்லாம ஒருத்தி வெளிய வருவாய்யா. இது இல்லாம வருவாளா?”

“என்னாவோ பண்ணு. ஆனா நாலு பேர் பாக்கத் தொங்கவிடாத. நானும் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்கணும்.”

சந்தையின் தலைவரை எல்லாரும் பிரதான்ஜி என்பார்கள். காலியாயிருந்த ஓர் இடத்தை அவர் இரண்டு வாரத்துக்கு மட்டும் தந்தார். கூட்டம் சேர்ந்தால் இடம் அவளுக்கு. சேராவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் ஊறுகாய்க்காரனுக்கு.

முதல் புதன் தார்ப்பாயை விரித்துச் சரக்கை அடுக்கினாள். கூடவே விற்கலாமென்று கொஞ்சம் ஈரோட்டுத் துண்டும் வைத்திருந்தாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து கொடியில் உள்ளாடையைக் காயப்போட்டால் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியே பழகிய கை. அந்தக் கை தன்பாட்டுக்குத் துண்டுகளை எடுத்துச் சரக்கின் மேல் விரித்துவிட்டது. அப்படித்தான் அன்று கடை நடந்தது. வந்தவர்களெல்லாம் துண்டு என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பொழுது சாயும்போது, அவள் முன்பு வேலை செய்த வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி காய்கறிப் பையோடு வந்து நின்றாள். மந்திரி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா.

“என்ன பூங்கோதை, உள்ளாடைக் கடைன்னே, ஒரே துண்டா இருக்கு?”

“கீழ இருக்கும்மா.”

“கீழன்னா?”

பூங்கோதை துண்டின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். மாமி சிரித்த சிரிப்பில் பையிலிருந்து இரண்டு தக்காளி உருண்டன.

“அடிப்பாவி! கொடியில காயப்போடறாப்பல கடை போட்டிருக்கியே! நானும் பால்கனில இத்தனை வருஷமா அப்படித்தான் போடறேன். ஆனா நான் விக்கலையே!”

“தொங்கவிடக் கூடாதுன்னு அவரு சொல்லிட்டாரும்மா.”

“அவரா வந்து வாங்கப் போறார்?” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு ரெண்டு குடு. சைஸ் மட்டும் கேக்காதே, எனக்கே தெரியாது. வாங்கற எடத்துல எல்லாம் ஆம்பளை. வாயைத் தொறந்தாத்தானே!”

அடுத்த புதன் பூங்கோதை இரண்டு மூங்கிலை நட்டுக் கயிறு கட்டினாள். கறுப்பு, வெள்ளை, ரோஜா, மெரூன் என்று எல்லாவற்றையும் மாட்டினாள். பின்னால் ஒரு பழைய சேலையைத் திரையாக இழுத்துக் கட்டி, அளவு நாடாவோடு உட்கார்ந்தாள். முதலில் மாமி கூட்டிவந்த இரண்டு பேர். அப்புறம் அவர்களைப் பார்த்து நின்றவர்கள். பஞ்சாபிப் பெண் ஒருத்தி குனிந்து காதோடு அளவைச் சொன்னாள். பூங்கோதையும் காதோடு விலையைச் சொன்னாள்.

டீக்கடையில் நின்ற பச்சைமுத்துவை அவன் தெருவிலேயே குடியிருக்கும் செந்தில்குமார் தேடிப் பிடித்தான்.

“என்னாண்ணே, அண்ணி கலர் கலரா கொடி ஏத்தியிருக்காங்க! சல்யூட் அடிச்சிட்டு வரவா?”

பச்சைமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேகமாக நடந்தான். அவன் வந்து நின்றதும் கடை முன்னால் பேச்சு நின்றது. ஒருத்தி எடுத்ததை அப்படியே வைத்தாள். இன்னொருத்தி ஆகாயத்தைப் பார்த்தாள்.

“அவுத்து உள்ள வைடி,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“வைக்க மாட்டேன்.” பூங்கோதை குரலை உயர்த்தவில்லை. “இந்த எடம் போச்சுன்னா நாளைக்கு நான் மறுபடி தரையில குந்தணும். வூட்டுக்கு வூடு வந்து எழுப்பி வுடுவியா?”

காலையில் பாயிலிருந்து அவளைக் கைகொடுத்து எழுப்புகிறவன் அவன்தான்.

“நீ நிக்கிற வரைக்கும் இவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. கொஞ்சம் நவுருய்யா.”

அவன் அந்த முகங்களைப் பார்த்தான். தன்னைவிட அவர்கள்தான் கூசிக்கொண்டு நின்றார்கள். நகர்ந்தான். வரிசை முனையில் போனும் கையுமாகச் செந்தில்குமார் வந்துகொண்டிருந்தான்.

“பொம்பளைங்க சரக்கு வாங்குறாங்க. சுத்திப் போடா,” என்று வழிமறித்தான் பச்சைமுத்து.

“காவலாண்ணே?”

“ஆமாடா.”

இருட்டத் தொடங்கியபோது பிரதான்ஜி வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவரும் தள்ளியே நின்றுகொண்டார். பச்சைமுத்துவைக் கூப்பிட்டு ஒரு பல்பும் ஒயரும் கொடுத்து, “அச்சா, லகா லோ,” என்று மாட்டிக்கொள்ளச் சொன்னார். இடம் நிலைத்த கடைக்குத்தான் அவர் தன் கரண்ட் லைனிலிருந்து விளக்கு கொடுப்பார்.

பச்சைமுத்து முகத்தைத் திருப்பியபடியே மூங்கிலண்டை வந்தான்.

“எங்க கட்டட்டும்?”

“சரக்கு மேல வெளிச்சம் வுழுற மாதிரி கட்டுய்யா.”

ஒரு ஸ்டூலில் ஏறிக் கம்பியை முறுக்கிப் பல்பை மாட்டினான். கீழே, கயிற்றில் தொங்கிய ஒன்றைத் தொட்டுப் பார்த்த ஒரு பெண் தமிழில் சந்தேகம் கேட்டாள்: “இது கறுப்பாக்கா, மெரூனா?”

“மெரூனு,” என்றான் பச்சைமுத்து மேலேயிருந்து. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.