முதலிடம் கேட்ட கேசட்

மதியம் இரண்டே காலுக்குச் செய்தி வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்காக ஃபிரேமின் காதுப் பிடியை வளைத்துக்கொண்டிருந்தாள் அவள். ஃபோனில் அண்ணி. "உன் அண்ணன்... லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துல, படியில உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்லையாம்." பெரியவருக்குக் கண்ணாடியை மாட்டி, "சரியா இருக்கா பாருங்க" என்று கேட்ட பிறகுதான் அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த தடயமே தெரியக்கூடாது என்பான். வேலையில் அப்படியொரு சுத்தம். வாய்தான் ஓயாது. அதிலும் நாலு பேர் கொண்ட ஒரு ராக் இசைக்குழு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தங்கைக்கும் அந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தவன் அவன்தான். வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து குழுவின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்துவார்கள். மஞ்சள் அட்டை ஆல்பம் இறங்கும், அட்டையில் கதவு படம் போட்டது ஏறும், குரல்கள் உயரும். அண்ணி டீயை வைத்துவிட்டு நழுவிவிடுவாள். முதலிடத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனதே இல்லை.

அண்ணனின் முதலிடம் ஒரு கேசட். இளவட்டமாக இருந்தபோது அந்தக் குழுவின் கச்சேரிக்குப் போய், சட்டைக்குள் டேப்ரிக்கார்டரை ஒளித்து அவனே பதிவு செய்தது. அதன் கடைசிப் பாட்டு எந்த ஆல்பத்திலும் வராதது.

"கிடைக்காத சரக்குதான், ஒத்துக்கறேன். ஆனா பாட்டுக்குப் பாட்டு உன் காட்டுக் கத்தல்தானே அண்ணா கேக்குது? மேடையில இருந்தவங்க ஓடிப்போகாம நின்னதே பெரிசு."

"என்னை எடுத்துட்டா முதலிடம் தருவியா, வாயாடி?"

"முதல்ல எடுத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

போன வருஷப் பேச்சு அது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போனபின் அவளுக்கு உறைத்தது: வீட்டில் அவன் படங்கள் இருக்கின்றன, குரல் எங்கும் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளில்லை அவன், நேரே கூப்பிட்டுவிடுவான்.

"அண்ணி, அந்த கேசட் எங்கே?"

"நாடா சிக்கி அறுந்துபோச்சு. அதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரு. வேலை முடிஞ்சு வந்தா அதுலதான் குடியிருப்பு. 'என் கத்தலை ஒவ்வொண்ணா பிடுங்குறேன், தங்கச்சி வாயை அடைக்கணும்'னு சொல்லிட்டே இருந்தாரு. பழைய பதிவைக்கூட வச்சுக்கல."

அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாட்டை ஓடவிட்டாள். அவன் கத்தும் இடங்கள் அவளுக்கு மனப்பாடம். காத்திருந்தாள். கூட்டம் இரைந்தது, டிரம் விழுந்தது. ஓர் ஆள் நின்ற இடம் மட்டும் வழவழவென்று காலியாக இருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஒட்டுப்போட்ட தடயமே இல்லை. பாட்டுக்குப் பாட்டு அண்ணன் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தான்.

"சும்மாதானே சொன்னேன்" என்றாள், திரையைப் பார்த்து.

கடைசிப் பாட்டு தொடங்கியது. நடுவில் கிட்டார் மெல்ல அடங்கியது.

"டேய், சத்தம் பத்தலைடா! ஏத்துங்கடா!"

சமையலறையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. ஈரக் கையோடு அண்ணி வாசலில் வந்து நின்றாள். "அவரா?"

கடைசிப் பாட்டை அவன் இன்னும் சுத்தம் செய்திருக்கவில்லை.