பிரேக் டிஸ்க்குக்குப் போட்ட பாலிஷ்

காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்காக, ஆயுத பூஜைக்குப் பதினோரு நாள் முன்பு என் ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு உயர்ரக பிரேக் டிஸ்க் மாட்டினேன். பூஜையன்று டயர்களுக்கு எண்ணெய்ப் பாலிஷ் போட்டபோது, இடுக்கில் தெரிந்த டிஸ்க்குகளையும் விடவில்லை.

அடையாறு வீட்டுச் சரிவில் எலுமிச்சம்பழத்தின் மீது வண்டியை இறக்கினேன். பிரேக் பிடிக்கவில்லை! எதிரே கற்பூரத் தட்டுடன் மனைவி. கைப்பிரேக்கை இழுத்ததும் அவளுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"நசுக்க வேண்டியது பழத்தையா, என்னையா?" என்றாள்.

மெக்கானிக் வந்து டிஸ்க்கைத் துடைத்து, பிரேக் பேட்களை மாற்றினார். "சேத்துல, தண்ணில நல்லா புடிக்கிற டிஸ்க்கு சார் இது. எண்ணெய் பட்டா எதுவுமே புடிக்காது. இதுக்கு இன்னாத்துக்கு மேக்கப்பு?"

காட்டுச் சேற்றில் நன்றாகவே பிடிக்கிறது; டிஸ்க் வாங்கியது வீணில்லை. இப்போது பாலிஷ் போடுவது வண்டியின் மேல்பக்கத்துக்கு மட்டும்தான். மனைவியும் பக்கவாட்டில் நின்றே கற்பூரம் காட்டுகிறாள்.