கோப்பைக்குள் போன ஐயப்பன் டாலர்

போன கார்த்திகையில் நான் மாலை போட்டது என் மனைவிக்காக. அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தை மாதம் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவள் பிழைத்து எழ வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மாலையைக் கழற்றக் கூடாது. அதனால் கக்கூஸுக்குப் போகும்போது டாலரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வேன். அந்த இடத்தைச் சாமி பார்க்க வேண்டாம் என்று ஒரு எண்ணம். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகச் செய்வது. ஒரு நாள் காலையில் கக்கூஸில் உட்கார்ந்து எழுந்து திரும்பியபோது, முதுகில் கிடந்த மாலை குழாய்த் திருகில் மாட்டி அறுந்தது. துளசிமணி தோளில் கிடந்த துண்டில் சிக்கிக்கொண்டது. டாலர் மட்டும் கக்கூஸ் கோப்பைக்குள் விழுந்து தண்ணீருக்கடியில் போய்விட்டது.

நல்லவேளை, வாளித் தண்ணீரை முன்னமே ஊற்றியிருந்தேன். கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டேன். வளைவில் விரல் நுனிக்கு டாலர் தட்டுப்பட்டது. எட்டிப் பிடிக்கப் போய் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். பிறகு கம்பியை வளைத்து விட்டுப் பார்த்தேன். வெறும் கம்பிதான் வந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் இருக்கும், எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமிக்குப் போன் போட்டேன். மாலை அறுந்தால் வேறு மாலை போட்டுக்கொள்ளலாம், விரதத்துக்கு ஒன்றும் ஆகாது, சாயந்திரம் வாங்க என்றார். அப்போ உள்ளே இருக்கிற சாமியை என்ன செய்வது என்று கேட்டேன். முடிந்தால் எடுத்துவிடுங்கள் என்றார்.

பைப் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டேன்.

"நானும் மாலை போட்டுக்கினு இருக்கேன் சாமி. கக்கூஸ்ல கை வைக்க மாட்டேன். மலைக்குப் போயிட்டு வந்து எடுத்துத் தரேன், அதுவரைக்கும் அவரு அங்கதான் இருப்பாரு" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸில் கக்கூஸ் ஒன்றுதான். யாரும் போகக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். நான் பொறுத்துக்கொள்வேன். என் மனைவியால் முடியாது. கட்டி மூத்திரப்பையை அழுத்துகிறது, வந்தால் உடனே போயாக வேண்டும். முதல் தடவை பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாள். அடுத்த தடவை போனபோது அவர்கள் பூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். திரும்பி வந்து, புடவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கக்கூஸ் கதவுக்கு முன்னால் நின்றாள். நான் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், காவல் மாதிரி.

"சாமி, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். மாலை போட்டதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

இன்னொரு தடவை கம்பி விட்டுப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன்.

"முடியலங்க."

அவள் முகம் வேர்த்திருந்தது. நான் எழுந்து ஸ்டூலை நகர்த்தினேன். போகும்போது என்னைப் பார்க்காமலே, "எனக்காகத்தான போட்டீங்க, அவருக்குத் தெரியாதா" என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. ஊற்றிவிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாளி. சரணம் சொல்ல வாயெடுத்தேன். கக்கூஸ் வாசலில் நின்று சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை.