அழித்து எழுதிய அளவு

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஸ்கேல் சார். பேனாவை மறந்துவிட்டு வந்தாலும் வருவார், ஸ்கேலை மறக்க மாட்டார். சோதனையை எழுதுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கோடு போட்ட பக்கத்தில் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு. எதிரே வெள்ளைப் பக்கத்தில் படமும் அட்டவணையும், அதுவும் பென்சிலில் மட்டும். ஓரக்கோடு கொஞ்சம் கோணினாலும் ரெக்கார்டு நோட்டு பறக்கும். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் எனக்கு நாள் முழுக்க அவர் குரல்தான் கேட்கும். கறாரான மனிதர், ஆனால் பிள்ளைகள் மார்க் வாங்க வேண்டும் என்று உயிரை விடுவார்.

அந்தக் கறாரில் ஓர் ஓட்டை இருந்தது. "முதல்ல முடிவை எழுது. அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி அட்டவணையை நிரப்பு. புள்ளி கொஞ்சம் முன்னபின்ன இருக்கட்டும், அப்பதான் நிஜமா செஞ்ச மாதிரி இருக்கும்" என்பார். குவிலென்ஸின் குவியத் தொலைவு என்றால் இருபது சென்டிமீட்டர். ஆய்வகத்தில் இருந்த லென்ஸ்கள் எல்லாம் அப்படித்தான். வருடா வருடம் இருபது.

அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால், பழைய லென்ஸ்களில் கீறல் விழுந்துவிட்டது என்று அவரே போய்ப் புதுப் பெட்டி வாங்கி வந்தார். பெட்டியின் மேல் பதினைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனிதர் அதைப் படிக்கவே இல்லை.

தேர்வன்று வேறு பள்ளியிலிருந்து ஓர் அம்மா தேர்வாளராக வந்தார். உதவிக்கு என்னைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுதி வைத்த தாள்களை அவர் புரட்டினார். 20.1, 19.9, 20. ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே பிடித்தார். வெளியே நின்ற மரத்தின் பிம்பம் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழுந்தது. லென்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தார்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

சார் பார்த்தார். தானும் அளந்தார். பதினைந்து. அவர் முகம் செத்துவிட்டது.

"இப்படியே திருத்தினா எல்லாருக்கும் முட்டைதான்" என்றார் தேர்வாளர். "அரை மணி நேரம் தர்றேன், திரும்பச் செய்யட்டும். ஆனா எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

அத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க சார் பட்ட பாடு இருக்கிறதே! பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "என்ன வருதோ அதை எழுதுங்க. முடிவைக் கடைசியில எழுதுங்க."

ஒருவரும் லென்ஸைத் தொடவில்லை. முன்வரிசைப் பையன் எழுந்தான். "சரி சார். எவ்வளவு வரணும்?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

தேர்வாளர் மூலையில் இருந்த பெண்ணின் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இருபதுக்கு அடியில் ரப்பர் தேய்த்த தடம். "முதல்ல என்னம்மா எழுதின?"

"பதினஞ்சு மிஸ். எத்தனை தடவை செஞ்சாலும் பதினஞ்சுதான் வந்துச்சு. அதான் அழிச்சிட்டேன்." சாரின் பக்கம் திரும்பினாள். "சாரி சார். எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. அப்பாகிட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டறேன்."

திட்டு விழும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஸ்கேல் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. நான்தான் உனக்கு அழிக்கக் கத்துக் கொடுத்துட்டேன்" என்றார்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மறுபடி லென்ஸைப் பிடித்தாள், அளந்தாள். அட்டவணையில் எழுதப் போனவள் பென்சிலை நிறுத்திவிட்டு, சரியா என்று கேட்பதுபோல சார் முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் மற்றவர்களும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் தன் முகத்தைப் பார்க்காமல் எழுதட்டும் என்று சார் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். தேர்வு முடியும்வரை உள்ளே வரவில்லை.