குங்குமப் பொட்டுக்குக் கீழே இருந்த நம்பர்

இன்று ஹட்டனில் பல் பிடுங்கிக்கொண்டேன். வாயில் பஞ்சு இருப்பதால் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும், போன வருசம்தான் எழுதப் படித்தேன்.

முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவர், டொக்டர் என்று சொல்லிக்கொண்டு, சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். இனிமேல் டொக்டரின் பதிவுப் பத்திரத்தை வாசிக்காமல் யாருக்கும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன்.

இன்று சுவரில் மாட்டியிருந்த பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெயர் இருந்தது. 'பதிவு இலக்கம்' என்றும் இருந்தது. ஆனால் இலக்கத்தின் மேல் பூசைக்கு வைத்த குங்குமப் பொட்டு.

"தாத்தா, வாயத் தொறங்க" என்றார் டொக்டரம்மா. சின்ன வயசு.

"நம்பர் தெரியலைங்க டொக்டரம்மா. பொட்டு மறைக்குது."

கூட வந்த மகள் தலையில் கை வைத்தாள். "அப்பா, மானத்த வாங்காதீங்க!"

டொக்டரம்மா சிரித்துக்கொண்டே முக்காலியில் ஏறி, ஸ்பிரிட் பஞ்சால் பத்திரத்தின் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தார். நான் ஒவ்வோர் எண்ணாக வாசிக்க, மகள் போனில் தட்டினாள். மருத்துவச் சபையின் பதிவுப் பட்டியலில் அதே பெயர் வந்தது.

பிறகுதான் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"எந்தப் பல்லுன்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க தாத்தா. அப்புறம் என்னையத் திட்டக் கூடாது."

காட்டினேன். சரியான பல்தான் வந்தது.

நீங்கள் எல்லாம் சின்ன வயதிலேயே படித்தவர்கள். உங்கள் பல் வைத்தியரின் நம்பரை ஒரு தடவையாவது வாசித்திருக்கிறீர்களா? எழுதுங்கள். வாய் மரத்துக் கிடக்கிறது, நான் வாசித்துக்கொண்டு சும்மாதான் இருப்பேன்.